தலைதீபாவளிக்குக் கேட்ட எஞ்சின்

மாப்பிள்ளை,

இன்று காலை எங்கள் தெருவுக்குக் கொசுமருந்து அடிக்கிறவன் வந்தான். அவன் தோளில் மாட்டியிருந்த மெஷின் பெட்ரோலும் ஆயிலும் கலந்த புகையைக் கக்க, தெருவே இருமிக்கொண்டு கதவைச் சாத்தியது. நான் மட்டும் வாசலில் நின்று மூக்கு நிறைய இழுத்தேன். அது உங்கள் சட்டை வாசனை.

ஆரணியில் தலைதீபாவளிக்கு மோதிரம் கேட்ட மாப்பிள்ளை உண்டு, ஸ்கூட்டர் கேட்டுச் சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டவர் உண்டு. படகு எஞ்சின் கேட்டவர், பூமி சுற்ற ஆரம்பித்த நாளிலிருந்து நீங்கள் ஒருவர்தான். என் அப்பா வெற்றிலையை மெல்ல மறந்தார். ஐப்பசி மழையில் எங்கள் ஏரி இலங்கை வரைக்கும் நிரம்பிக் கிடந்த வருஷம் அது.

மெட்ராஸில் ஒரு படகு கிளப்பில் மெக்கானிக் நீங்கள். பணக்காரப் பிள்ளைகள் காலில் பலகையை மாட்டி, கயிற்றைப் பிடித்துத் தண்ணீர்மேல் வழுக்கி வர, முன்னால் படகு ஓட்டியவர். "வருஷக்கணக்கா எல்லாரையும் இழுத்துகினு போறேன் மச்சான். ஒரு தபா நான் நின்னு பாக்கணும், அவ்ளோதான்" என்று என்னிடம் மட்டும் சொன்னீர்கள்.

துறைமுகத்துப் பழைய சாமான் கடையில், படகின் வயிற்றுக்குள் வைக்கும் எஞ்சின் ஒன்று கிடந்தது. திருவண்ணாமலையையே கட்டி இழுக்கும் போலிருந்தது. அதைத்தான் வாங்க வேண்டும் என்று குதித்தேன்.

"சறுக்குறதுக்கு அதான் ராஜா. அலை சின்னதா வரும், தண்ணியத் தள்ற விசிறி அடியில இருக்கும், வுழுந்தவன் காலு தப்பிச்சிக்கும். ஆனா நம்ம ஏரி பூரா வேலிகாத்தான் கட்டை மச்சான். ஒரு இடி, விசிறி காலி. பின்னால மாட்டற எஞ்சின்னா தூக்கிக்கலாம்."

"அப்ப வுழுந்தவன் காலு?"

"நான் வுழ மாட்டேன்."

பின்னால் மாட்டுவதையே வாங்கினோம், ஒரு பழைய படகோடு. "ஆரணிக்கு எப்ப சார் கடல் வந்துச்சு?" என்று லாரிக்காரன் வழியெல்லாம் கேட்டான். தறி செய்யும் ஆசாரி பலகைகளை இழைத்தார். கயிற்றின் கைப்பிடியை மட்டும் நீங்களே செதுக்கினீர்கள்.

எல்லாம் தயாரான ஞாயிற்றுக்கிழமை ஊரே கரையில். நீங்கள் ஓட்ட, என் பெரியப்பா மகன்கள் வரிசையாக நின்றார்கள், விழுந்தார்கள். நானும் நின்றேன். நான் நின்ற நேரத்தில் ஒரு கொக்குகூடக் கால் மாற்றியிருக்காது. ஏரியை நாலு சுற்று சுற்றியதாகத்தான் இன்றும் சொல்லி வருகிறேன்.

கடைசியில் உங்கள் முறை. எனக்குத்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தீர்களே, எஞ்சினைப் பிடித்து உட்கார்ந்தேன். நீங்கள் பலகையில் கால் வைத்தபோது, அப்பா பட்டு வேட்டியோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி உங்கள் கையைப் பிடித்தார்.

"அந்த விசிறியப் பாத்தீங்களா மாப்ள? வாழத்தண்டு மாதிரி அறுத்துடும்."

"இவங்கல்லாம் போனாங்களே மாமா?"

"இவனுங்க காலு போனா நொண்டிகினு வீட்ல கெடப்பானுங்க. உங்க காலு எங்க பொண்ணோடதுங்க!"

கரையே தலையாட்டியது. "ஏறுங்க மாப்ள, நான் பாத்துக்கறேன்" என்று கத்தினேன். நீங்கள் பலகையைக் கழற்றினீர்கள். "பரவால்ல மச்சான், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

மோதிரத்துக்கு முறுக்குகிறவனெல்லாம் முறுக்குகிறான். உங்களுக்கு எங்கே போயிற்று அந்த முறுக்கு?

அடுத்த வருஷம் ஏரியில் ஆடு மேய்ந்தது. அதற்கடுத்த வருஷமும். எஞ்சினை அப்பா போளூர்க்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டு, மாப்பிள்ளை கேட்டதைத் தட்டாமல் செய்தவர் என்ற பெருமையோடு கண்ணை மூடினார்.

நாங்கள் அத்தனை பேர் கூடிக் காப்பாற்றிய காலைக் கடைசியில் சர்க்கரை நோய் கொண்டுபோயிற்று. ஆஸ்பத்திரியில், போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் காட்டி, "மாமா இருந்திருந்தா டாக்டர் கையப் புடிச்சிருப்பாரு" என்றீர்கள். நான் சிரித்தேன். அடுத்த மாதம் நீங்களும் போய்விட்டீர்கள்.

கைப்பிடி என்னிடம் இருக்கிறது. அன்றைக்கு அதைப் பிடித்த ஒவ்வொருவனும் "இன்னா மாப்ள, இவ்ளோ தடியா செஞ்சிக்கிறீங்க" என்று திட்டினான். நானும்தான். இப்போதும் பிடித்துப் பார்க்கிறேன், விரல் சுற்றி வரவில்லை. உங்கள் கை எவ்வளவு பெரியது!