நீ வார்த்த கடைவாய்ப்பல்

இன்று காலை பல் வைத்தியர் மெல்லிய கொக்கியொன்றால் என் கடைவாய்ப்பல்லின் உலோக உறையைச் சுற்றித் தடவிப் பார்த்தார். இருபது வருடமாகியும் பல்லுக்கும் உறைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி கூட இல்லையாம். யார் செய்தது என்று கேட்டார். என் வாய் நிறையப் பஞ்சு. பதில் சொல்லாமலிருக்க அது நல்ல சாட்டாகப் போயிற்று.

நீ செய்தது, மச்சான். டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் நாம் இருவரும் வேலை செய்த, செயற்கைப் பல் செய்யும் லாப்பில், மதிய இடைவேளையில் எனக்காக வார்த்துத் தந்தது. மெழுகில் பல்லைச் செதுக்கி, அச்சுக்குள் புதைத்து, உலையில் மெழுகை எரித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தைச் செலுத்துவதுதான் நம் வேலை. உலைக்கு முன்னால் நீ பெரிய பிடிவாதக்காரன்.

"மெழுகு முழுக்க எரியோணும். மிச்சம் கிடந்தா உள்ளுக்கை ஓட்டை விழும். வெளியிலை மினுங்கும், கடிக்கேக்கை உடையும்" என்பாய். எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த வெள்ளிக்கிழமை நீ தொலைபேசியில் கதைக்க வெளியே போனாய். விபோர்க் நகருக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், அரை மணி நேரம் முன்னதாகவே அச்சை உலையிலிருந்து எடுத்து வார்த்துவிட்டேன். மூன்று பற்களைச் சேர்த்துக் கட்டும் பாலம் அது.

"நேரத்துக்குத்தான் எடுத்தனியோ?" திரும்பி வந்து கேட்டாய்.

"ஓம்."

என் சொல்லை நம்பி வேலைத்தாளில் கையெழுத்து வைத்தாய்.

சில மாதங்களில் அது ஒரு வயதான பெண்ணின் வாயில், கறுப்புப் பாணைக் கடிக்கும்போது உடைந்தது. முதலாளி துண்டை மேசையில் வைத்தார். உள்ளே முழுக்க ஓட்டை. தாளில் இருந்தது உன் கையெழுத்து. நீ என்னைப் பார்த்தபடி காத்திருந்தாய். நான் குனிந்துகொண்டேன்.

வெளியே கார் தரிப்பிடத்தில் மன்னிப்புக் கேட்க வந்தேன். "இப்ப கதைக்காதை. கதைக்கவேண்டிய இடம் உள்ளுக்கை இருந்தது" என்றாய். உன்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதன்பிறகு எந்த லாப்பும் உன்னை எடுக்கவில்லை. பல் செதுக்கிய உன் கை, இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி வெட்டியது. நீயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே! உன் பெருந்தன்மையை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது.

போன மாதம் உன் செத்தவீட்டில் உன் மகன் டெனிஷில் கேட்டான், அப்பா பிழையாக வேலை செய்ததால்தான் நிறுத்தினார்களா என்று.

"பழைய கதை, விடு தம்பி" என்றேன். பிறகு போய்ச் சாப்பிட்டேன், நீ வார்த்த பல்லால்.

இந்த மடலை அவனுக்கல்லவா எழுதியிருக்க வேண்டும். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எனக்கு டெனிஷ் எழுதத் தெரியும்.