விஜி பெட்டிகளுக்கு வைத்த மருந்து

மார்ச் 4, செவ்வாய்
என் தேன்பெட்டிகளில் உண்ணி குறைந்திருக்கிறது. போன வாரம் வைத்த ஃபார்மிக் ஆசிட் கேட்டிருக்கிறது. பக்கத்துக் கொல்லையில் விஜியின் எட்டுப் பெட்டிகள்தான் மோசம். தேனீப் புழுக்கள் மேலெல்லாம் உண்ணிகள் சிவப்புப் புள்ளிகளாக ஊர்கின்றன. மகளின் பிரசவத்துக்காக அவள் உளுந்தூர்பேட்டையில் இருக்கிறாள். "நீயே வெச்சிடுடி மணி, நான் வர நாளாவும்" என்றாள் போனில்.

மார்ச் 6
மதியம் ஒரு மணிக்கு வைத்தேன். வெயில் தாழ்ந்துதான் வைக்க வேண்டும், சூட்டில் ஆவி மிஞ்சிவிடும், தெரியும். ஆனால் கச்சிராயபாளையத்தில் வளைகாப்பு, நாலு மணி பஸ். அளக்கும் ஊசி உடைந்துவிட்டதால் மூடியால் சீசாக்களில் ஊற்றித் திரி போட்டேன். மோட்டார் கொட்டகைத் தகரத்தின் கீழே கிடந்த ஆசிட் கேன் வயிறு உப்பியிருந்தது. திறந்ததும் கண் எரிந்தது. அளவு எழுதிய சீட்டு எப்போதோ உரிந்து போயிற்று. கொஞ்சம் கூடத்தான் போயிருக்கும்.

மார்ச் 7
எட்டுப் பெட்டி வாசலிலும் செத்த தேனீக்கள் குவியல் குவியலாக. ஐந்து பெட்டியில் ராணி செத்துக் கிடந்தது. மூன்று பெட்டி காலி, பறந்துவிட்டன. உள்ளே இன்னும் அந்த நெடி.
சீசாக்களை எடுத்துக் கழுவி வைத்துவிட்டேன். ஏன் கழுவினேன்?

மார்ச் 9
விஜி வந்தாள். செத்ததை முறத்தில் அள்ளினாள். "இன்னா ஆச்சு மணி?"
நான் வாயைத் திறப்பதற்குள் எதிரே ராமசாமியின் சோளக்கொல்லையைப் பார்த்தாள். வியாழக்கிழமை அங்கே பிச்சைமுத்து புழுவுக்கு மருந்து அடித்திருந்தார். ஊரில் கூலிக்கு மருந்து அடிப்பவர் அவர்தான். வரும் வழியிலேயே யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.
"அவன்தான். காத்துல அடிச்சிக்கினு இருந்திருப்பான். உன் பொட்டிங்க அந்தக் கோடில, அதான் தப்பிச்சிது."
நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

மார்ச் 10
விஜி பிச்சைமுத்து வாசலில் நின்று கத்தினாள். தெருவே கூடிவிட்டது. "காலைலயே அடிச்சி முடிச்சிட்டேம்மா, காத்தே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குழாயடியில் நின்ற என்னைப் பார்த்தார். குடம் நிரம்புவதற்குள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 24
ராமசாமி கொல்லைக்கு இப்போது சின்னசேலத்து ஆள் வந்து அடிக்கிறான். பிச்சைமுத்துவை யாரும் கூப்பிடுவதில்லை.

ஏப்ரல் 2
இருட்டினப்புறம்தான் குழாயடிக்குப் போறேன்.

ஏப்ரல் 17
பிச்சைமுத்து கட்டட வேலைக்கு ஓசூர் போய்விட்டாராம். சொல்லிடணும். நாளைக்கே சொல்லிடணும் — இத்தினி நாளு இன்னாடி பண்ணிக்கினு இருந்தே?

ஏப்ரல் 18
சொல்லிவிட்டேன். விஜி புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "அந்தாளு வாசல்ல நான் நின்னு கத்துறப்ப நீ குழாயாண்டதான இருந்தே?"
தேனீக்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து நேரே பிச்சைமுத்து வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். அவர் மனைவி ஜெயம்மாள் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே போய் நம்பரை எழுதிக்கொண்டு வந்தாள். "நீயே சொல்லு. நானும்தான் அவர ஏசினேன். எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நான் சொல்றது?"

ஏப்ரல் 19
போன் செய்தேன். பின்னால் கலவை மிஷின் ஓடும் சத்தம். எல்லாவற்றையும் சொன்னேன். 
"டேங்க்க சரியா கழுவலியோன்னு நெனச்சிக்கினு இருந்தேம்மா" என்றார். "பருத்திக்கு அடிச்சது உள்ள தங்கிப் போயி, அதான் கொன்னுடுச்சோன்னு. நானே நம்பிட்டேன்."
ஊருக்கு வந்துவிடுங்கள் என்றேன். மேஸ்திரி கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டார்.

மே 11
ஜெயம்மாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளோடு ஓசூருக்குக் கிளம்பினாள். விஜிதான் மூட்டைகளைத் தூக்கி பஸ்ஸில் வைத்தாள். நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். பஸ் போனதும் விஜி என்னைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். நிற்காமல் போனாள்.