பெயருக்கும் அதே சொல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா?

ஓட்டலில் வெள்ளிக் கரண்டி துலக்குவதுதான் என் வேலை. கரண்டி மங்கிக் கறுத்தால் இங்கே ‘டார்னிஷ்’ என்பார்கள். போன வாரம் ஒரு கரண்டி காணாமல் போனது. மானேஜர் எல்லார் முன்னாலும் என் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, “உன்னால ஓட்டல் பேரே டார்னிஷ் ஆயிடுச்சு” என்றார். பெயர் கெட்டாலும் அதே சொல்தானாம்!

மறுநாள் சலவைக்குப் போட்ட மேசைவிரிப்புக்குள் கரண்டி கிடைத்தது. “சரி, போய் வேலையைப் பாரு” என்றார்.

“கிடைச்சிருச்சுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க சார்” என்றேன். சொன்னார். கவலைப்படாதீர்கள்.

ஆனால் ‘கரண்டி’ என்றே எனக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். தங்கச்சி போனில் என் பெயரைச் சொல்லிப் பதிவு செய்து அனுப்புங்கள், அப்பா. இங்கே அதை யாரும் சொல்வதில்லை.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மூத்தவள்