மூன்று துண்டான தகடு

ஓசூர்
12.8.2004

பாசமுள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

பட்டறையில் ஒரு சின்னப் பிரச்சினை, பயப்படாதீர்கள். டங்ஸ்டன் தகட்டைச் சூடேற்றித்தான் வளைக்க வேண்டும், ஆறியிருந்தால் கண்ணாடி மாதிரி உடையும் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். “இரும்ப வளைச்ச கைக்கு இது எம்மாத்திரம்?” என்று அப்படியே சுத்தியலால் அடித்தார். மூன்று துண்டாகிவிட்டது. பழியை என்மேல் போட்டு, நான் உடைத்ததாக நிர்வாகத்தில் மன்னிப்புக் கடிதம் கேட்கிறார்கள். “செய்யாத தப்புக்கு எழுத மாட்டேங்க” என்றேன். ஒரு துண்டை எல்லார் முன்னாலும் பர்னரில் நன்றாகக் காய்ச்சி வளைத்துக் காட்டினேன். விரிசல்கூட விழவில்லை.

நம்மூர் குன்னத்திலிருந்து யாராவது இங்கே வந்தால் சின்ன வெங்காயம் கொடுத்தனுப்புங்கள். கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது. மன்னிப்பு எழுதத் தந்த தாளில்தான் இதை எழுதியிருக்கிறேன்.

உங்கள் மகள்
வெற்றிச்செல்வி