பாரமில்லாத பேஸ் கிற்றார்

அன்பின் நிருஷா,

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். முதுகுவலிக்காக இலேசான பேஸ் கிற்றார் ஒன்று பார்க்க இன்று கொட்டாஞ்சேனைக்குப் போனேன். என்னுடையது ஐந்து கிலோ. கடைக்காரர் மூன்று கிலோகூட இல்லாத ஒன்றைத் தந்தார்.

"தோளில போட்டு, நிண்டு வாசிச்சுப் பாருங்கோ அண்ணை."

உண்மையிலேயே பாரம் தெரியவில்லை. ஆனால் ஒரு பாட்டு முடிவதற்குள் இடது கால் மரத்துப்போனது. அவர் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பேன்.

"வீட்டில ஆரும் இருக்கினமோ?"

"ஓம், மனிசி இருக்கிறா" என்று பொய் சொன்னேன். நீ டோஹாவில் இருக்கிறாய்.

டொக்டரிடம் போகச் சொல்லி நீ கேட்டபோதெல்லாம் கிற்றாரின் பாரம்தான் காரணம் என்று உன்னை நம்பவைத்தேன், நானும் நம்பினேன். இனி முடியாது. புதன்கிழமை ஒன்பது மணிக்குப் பொரளையில் ஸ்கேன். அந்த நேரம் எனக்குப் போன் எடு. தனியே உள்ளே போகப் பயமாக இருக்கிறது.

உன் சொல் கேளாத
கணவன்