சும்மா உருளாத சைக்கிள்

என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு, கூடவே என் வாயையும் முப்பது வருஷம் பொறுத்துக்கொண்ட மாப்பிள்ளை குணாவுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீ போன பிறகு உன் சைக்கிளால் சண்டை வரும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கலையும், உன் மகள் துர்கா வீட்டை விட்டுப் போவாள் என்று ஒன்று விடாமல் சொன்னவன் நான் ஒருவன்தான். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதே. சொன்னேன்.

உன் படத்தைப் பேப்பரில் போட்டு நாலு வரி எழுதச் சொன்னாள் என் தங்கச்சி சரசு. நாலு வரியில் அடங்குகிற ஆளா நீ? இல்லை, நாலு வரியோடு நிறுத்துகிற ஆளா நான்? ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனாலும் நான் எழுத உட்கார்ந்தால் வாத்தியார்களே பேனாவை மூடி வைத்துவிடுவார்கள். அதனால் நாலு வரிக்குப் பதில் இந்தக் கடிதம்.

உன் சைக்கிள் உனக்குத் தெரியும்; படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஜப்பான் இரும்பில் செய்த பழைய ரோட் பைக். கத்தரிப்பூ நிறம், பன்னிரண்டு கியர். கப்பல் கேப்டன் ஒருவனிடம் பேரம் பேசி அதை உனக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். "கேப்டனாவது கத்திரிக்காயாவது, பழைய சாமான் கடைக்காரன் மச்சான்" என்று நீ எப்போதும் குறுக்கே பேசுவாய். இப்போது பேச யாருமில்லை. கேப்டனுக்குப் பெரிய மீசையும் முளைத்துவிட்டது, ஒரு மரக்காலும் வந்துவிட்டது. ஆனால் சொல்வதில் ருசியே இல்லை, மாப்ளே.

ஞாயிறு விடிந்ததும் ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் எட்டுப் பேர் சேர்வோம். பாலிக் பூலாவ் மலையில் ஏறி இறங்கி, நாசி லெமாக் தின்றுவிட்டுத் திரும்புவோம். ஏற்றத்தில் நீ முன்னால், இறக்கத்தில் நான் முன்னால். என் எடை அப்படி.

நீ போன மூன்றாம் மாதம் துர்கா உன் சைக்கிளை எடுத்தாள். கியர் மாற்றுகிற பிடி இரண்டும் உடைந்திருந்தன. தீவு முழுக்கத் தேடியும் அந்தக் காலத்துச் சாமான் கிடைக்கவில்லை. கியரையெல்லாம் கழற்றினாள், பின் சக்கரத்தை மாற்றி ஒரே ஒரு பல்சக்கரம் வைத்து, ஃபிக்ஸி ஆக்கிவிட்டாள். அந்த வண்டியில் மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உருள முடியாது. சக்கரம் சுற்றுகிறவரை பெடல் சுற்றும், பெடல் சுற்றுகிறவரை கால் சுற்ற வேண்டும். முன் பிரேக்கை மட்டும் விட்டுவைத்தாள். புத்தியுள்ள பிள்ளை, என் பக்கத்து ரத்தம்.

பிளாட்டுக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் நானும் ஓட்டிப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் காலை நிறுத்தினேன். பெடல் என் காலைத் தூக்க, கால் என்னைத் தூக்க, யாரோ வளர்த்த செம்பருத்திச் செடிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். நாய் குறுக்கே வந்தது. வந்தது என்றால் வந்தது. துர்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"ஏம்மா, அப்பா சைக்கிளை இப்படிப் பண்ணிட்டே?" என்று கேட்டேன்.

"சும்மா உருளும்போதுதான் மாமா அழுகை வருது. இதுல கால் நிக்காது. இப்போதைக்கு எனக்கு இது போதும்லா."

கழற்றிய சாமான்களுக்கு எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி, ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள். மூடியில் 'அப்பா' என்று எழுதியிருந்தாள். திரும்ப மாட்டுவதற்கு ஒரு வழியை விட்டுத்தான் எல்லாவற்றையும் செய்திருந்தாள். பழைய கியரின் அடையாளமாக வண்டியில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். கியரைத் தொங்கவிடுவதற்காகச் சட்டத்தின் பின்பக்கம் காது மாதிரி ஓர் இரும்புத் துண்டு நீட்டிக்கொண்டிருக்குமே, அது. மற்றதையெல்லாம் கழற்றலாம், மாட்டலாம். காதை அறுத்தால் அறுத்ததுதான்.

கடலோரம் பாடாங் திடலில் ஃபிக்ஸி ஓட்டுகிற இளவட்டங்கள் கூடுகிறார்கள். ஆசையாக அங்கே போயிருக்கிறாள். ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு, "இது கன்வெர்ஷன்தானேக்கா, ஒரிஜினல் இல்லலா. அந்தக் காதையாச்சும் அறுத்துப் போடுங்க, பாக்கச் சகிக்கல" என்றானாம். சரி, அப்பாவோடு ஓட்டியவர்கள் இருக்கிறார்களே என்று அடுத்த ஞாயிறு நம் காப்பிக்கடைக்கு அதை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

உன்னோடு இருபது வருஷம் ஓட்டிய அ ஹோக்கைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. சீனன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிப் பார்த்தான். "அலமாக்! ரோசாக் லா!" என்று தலையில் கை வைத்தான். கெடுத்துவிட்டாளாம். கிளார்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நம் ரெங்கா சும்மா இருப்பாரா?

"பந்தயக் குதிரைய செக்குல கட்டிட்டியேம்மா. பாலிக் பூலாவ் இறக்கத்துல கால் சுத்துற வேகத்துக்குக் கொலுசு கழண்டு ஓடிப்போயிடும்."

"கொலுசு போடல அங்கிள். நீங்க வண்டியத் தள்ளிக்கிட்டு ஏறி வர்ற வரைக்கும் மேலயே நின்னு வெயிட் பண்றேன், ஒண்ணா இறங்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போடவில்லை. அவளும் உட்காரவில்லை. ஹேண்டிலைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள்.

"மாமா, நீங்க சொல்லுங்க. அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாரு? இப்படியே ஓட்டவா, காதை அறுத்திடவா, இல்ல பழையபடி மாத்திடவா?"

எனக்குத் தெரியாது என்ற பேச்சு என் வாயில் வந்ததே இல்லை என்பது உனக்குத் தெரியும். துர்காவோடு சேர்த்து ஏழு பேரும் என்னையே பார்த்தார்கள். சொன்னேன். "ஆஸ்பத்திரில கடைசியா மாஸ்க்கை விலக்கிட்டு என் கையப் புடிச்சான். மச்சான், என் சைக்கிள்ல யாரும் கை வைக்கக் கூடாதுன்னான்." நீ சொன்னதை நீ சொன்ன மாதிரியே சொன்னேன். உன் இருமல்கூட வந்தது. அ ஹோக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

துர்கா மட்டும் கேட்டாள். "கடைசியாவா?"

"கடைசியாத்தான்."

"என்னைப் பத்தி ஒண்ணும் கேக்கலையா மாமா?"

காப்பிக்கடையே கேட்டுக்கொண்டிருந்தது. "சைக்கிளைப் பத்தித்தாம்மா" என்றேன்.

அவள் ஓட்டிக்கொண்டு வந்த வண்டியைத் தள்ளிக்கொண்டே போனாள். அந்த வாரமே பிஸ்கட் டின்னைத் திறந்து, கியர், உடைந்த பிடி, பழைய சக்கரம் எல்லாவற்றையும் அது அது இருந்த இடத்தில் மாட்டி, சைக்கிளைக் கூடத்துச் சுவரில் தொங்கவிட்டாள். பிடி உடைந்திருப்பதால் இப்போது அதை யாராலும் ஓட்ட முடியாது. பக்கத்தில் உன் படம். வீட்டுக்குள் போகிறவள் இரண்டையும் பார்ப்பதில்லை.

அ ஹோக் இரண்டு வாரம் கழித்து என்னைத் தனியாகப் பிடித்தான். அவன் மலாயில் கேட்டது இதுதான்: "அவன் நெசமாவே சொல்லியிருந்தாலும், அந்தப் பிள்ளைகிட்ட அதைச் சொல்லலாமா?" அதற்குப் பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. ரெங்காவுக்கு முழங்கால் வலியாம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேலை. போன ஞாயிறு நான் ஒருவனே போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தேன். கடைக்காரன் கேப்டன் கதையைக் கேட்டான். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

சரசு சொல்கிறாள், "சோறு போட்டா தின்றா, தட்டக் கழுவுறா, ரூமுக்குப் போறா. நான் இருக்கிறதே அவளுக்குத் தெரியல அண்ணே." ஜொகூரில் இருக்கிற பேக்டரிக்கு மாற்றல் கேட்டு வாங்கிவிட்டாளாம். வருகிற சனிக்கிழமை கிளம்புகிறாள். பெட்டி கட்டுவதைப் பார்த்துக்கொண்டே சரசு என்னிடம் மெதுவாகக் கேட்டாள், "அவரு என்னையும் கேக்கலையாண்ணே?" நான் பேசாமல் எழுந்து போனதை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

உன் வீட்டில் இரண்டு பெண்கள் இப்போது அப்படி நம்பிக்கொண்டிருக்கிறார்கள், மாப்ளே. சாகப்போகிற நேரத்தில் உனக்கு நினைவுக்கு வந்தது ஓர் இரும்புச் சட்டம் என்று. அதை எப்படித் துடைப்பது? யார் துடைப்பது?

மற்ற எதிலும் நான் ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டேன். கேப்டன் இருந்தான், நாய் வந்தது, எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னேன். ஆனால் அந்த ஒன்று மட்டும் இல்லை. அதை உன்னிடமே எத்தனை பத்தி எழுதி மறைப்பது? நீ அங்கே இருந்தவன். நான்தான் இல்லை.

அன்று மதியம், வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு இரண்டு வாய் சாப்பிட்டு வாருங்கள் என்று சரசுவையும் துர்காவையும் அனுப்பினேன். "நான் இருக்கேன்ல" என்றேன். நீ கண்ணை மூடியிருந்தாய். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று கீழே கேண்டீனுக்குப் போனேன். எதிரே உட்கார்ந்த ஒருவர் கதை கேட்கிற ஆளாக இருந்தார். பாலிக் பூலாவ் மலையில் நாம் ஏறியதைச் சொல்ல ஆரம்பித்தேன். அதில் உன்னைத்தான் முன்னால் விட்டேன், சத்தியமாக. கால் மணி நேரம் என்று நினைத்தேன். மேலே வந்தபோது உன் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்திருந்தார்கள்.

நீ என் கையைப் பிடிக்கவில்லை. சைக்கிளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்க அங்கே யாருமில்லை. ஒருவேளை கூப்பிட்டாயா? யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய்? துர்கா என்றா, சரசு என்றா? அது எனக்குத் தெரியாது. பார், எனக்குத் தெரியாது என்று எழுதிவிட்டேன்.

அவள் சனிக்கிழமை பஸ் ஏறுவதற்கு முன்னால், இது அச்சாகி யார் கண்ணிலும் படுவதற்கு முன்னால், பொய் சொன்ன இதே வாயால் அவளிடமும் சரசுவிடமும் சொல்வேன். அப்பா சொன்னதாக நான் சொன்னது பொய், அப்பா தனியாகப் போனார், என்னால் தனியாகப் போனார் என்று சொல்வேன். இதில் ஆறுதல் எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. அவள் இனி என்னை மாமா என்று கூப்பிடாமல் போகலாம். போகட்டும். கூடக் குறையச் சேர்க்காமல் அதை அப்படியே சொல்வேன், மாப்ளே. இது உனக்கு நான் தருகிற வாக்கு.

கட்டிலருகில் இல்லாத உன் மச்சான்,
மாணிக்கம்
ஆயர் ஈத்தாம்