அம்மா தலைக்கு ஒரு ஹெல்மெட்

என் வாலு மகளுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம், என் பற்கள் அத்தனையும் அதனதன் இடத்தில் பத்திரமாக இருக்கின்றன, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் அந்தப் பேச்சை எடுத்தாலே நீ குறுக்கே விழுந்து கத்துவாய், எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து கோர்வையாகச் சொல்ல வராது. கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது பார்! எதை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டும் உன் கெட்ட பழக்கத்தை இன்றைக்கு மட்டும் விட்டுவிட்டு வரிசையாகப் படி. ஆமாம், சைக்கிள் பந்தயத்தைப் பற்றித்தான். ஆமாம், ஓட்டினது நானேதான். தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

மேடு தாண்டிப் பந்தயம் ஓட்டின உன்னுடைய அந்த பி.எம்.எக்ஸ். சைக்கிள் நீ விட்டுப்போன மாதிரியே உன் அறையில் சுவரோடு சாய்ந்து நின்றது உனக்குத் தெரியும். நீ விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்ட நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை, நீயும் தொடவில்லை. எனக்குத் துணி வெட்டும் மேசை போட இடம் வேண்டியிருந்தது, சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். உருட்டிக்கொண்டுதான் போனேன், சத்தியம். தெருமுனை இறக்கத்தில், உருட்டுவதற்குப் பதிலாக ஏறி உட்கார்ந்துவிட்டால் என்ன என்று தோன்றியது, தோன்றியது அவ்வளவுதான், கடையைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வரும்போது மறுபடியும் தாண்டி வந்துவிட்டேன். அந்தக் குட்டிச் சக்கரம் மேட்டில் ஏறி இறங்கும்போது வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு வருகிறதே, அதை ஏண்டி நீ என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை? மைதானத்துக்குப் பின்னால் நீ ஓட்டிய அதே மண் தடத்தில் ஐம்பது தாண்டிய பெண்களுக்கும் ஒரு பந்தயம் வைக்கிறார்களாம், ரொட்டிக்கடை அக்காவும் உனக்குக் கணக்கு எடுத்தாரே அந்த டீச்சரும் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உன்னிடம் போனில் மெல்ல ஆரம்பித்தேன், நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? “மொகம் முழுக்க மூடற ஹெல்மெட் இல்லாம நீ அதுல ஏறினேன்னு தெரிஞ்சுது, அப்புறம் நான் உன்கூடப் பேசவே மாட்டேன்” என்று கத்தினாய். முகம் மூடிய ஹெல்மெட் இருந்தால் பேசுவாய் என்றுதானே அதற்கு அர்த்தம்? நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். உங்கப்பாதான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். “ஒரு வீட்ல ஒரு பல்லு போனது போதும்” என்றார். கீழே சலூனில் வாடிக்கையாளர்களோடு கலகல என்று சிரிப்பார், படியேறி வந்தால் உம்மணாமூஞ்சி. கடைசியில் ஒரு பேரத்துக்கு வந்தார். மண் தடத்தைப் பார்த்துக்கொள்ளும் விசில்காரர் பந்தயத்துக்கு முன்னால் ஒவ்வொருவர் ஹெல்மெட்டையும் சோதிப்பாரே, அவர் என் ஹெல்மெட்டைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் சைக்கிள் வீட்டை விட்டுப் போக வேண்டும், அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. நானும் ஜம்பமாகச் சரி என்று தலையாட்டிவிட்டேன். ஒரு ஹெல்மெட் வாங்குவது என்ன பெரிய வித்தையா என்று நினைப்பு எனக்கு.

முதலில் மோட்டார் சைக்கிள் கடையில் போய் நின்றேன். கடைக்காரர் ஒன்றைத் தூக்கித் தலையில் கவிழ்த்தார், குடத்தைக் கவிழ்த்த மாதிரி கழுத்து உள்ளே போய்விட்டது, காதும் கேட்கவில்லை, காற்றும் இல்லை, இதைப் போட்டுக்கொண்டு மேட்டில் குதித்தால் தலை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போவோம். சைக்கிள் பந்தயத்துக்கென்றே எடை குறைவாக, தாடையைச் சுற்றி முன்னால் ஒரு கெட்டியான வளைவும், காற்றுப் போக ஓட்டைகளும், நெற்றிக்கு மேல் வெயில் மறைப்பும் வைத்துச் செய்கிறார்கள் என்று டீச்சர் சொன்னார். பார்சலில் வரவழைத்துக்கொள்ளலாம், புருவத்துக்கு மேலே சுற்றி அளவெடுத்து அனுப்பினால் போதும் என்றார். அளவெடுக்கவா! இந்தத் தெருவில் என் டேப் படாத உடம்பு உண்டா? டேப்பை எடுத்தேன், கொண்டையையும் சேர்த்துச் சுற்றினேன், இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தானாகவே டேப்புக்கு அடியில் இரண்டு விரலை விட்டுக்கொண்டது. சட்டைக்கு விடுகிறேன், கோட்டுக்கு விடுகிறேன், தலைக்கு விடமாட்டேனா? மூச்சுவிட இடம் வேண்டாமா என்று நினைத்துக்கொண்டேன். பார்சல் வந்தது. மிளகாய்ச் சிவப்பு, பளபள என்று. போட்டால் என்ன சுகம் தெரியுமா, தலையில் ஒன்று இருக்கிறது என்றே தெரியவில்லை! அதைப் போட்டுக்கொண்டே சீருடைத் துணி வெட்டினேன், அதைப் போட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினேன். கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த டாக்டரம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

அப்புறம் தடத்துக்குப் போனேன். முதல் மேட்டில் ஏறினேன், ஜோர். இறங்கினேன், திடீரென்று இருட்டு. ஹெல்மெட் சறுக்கிக் கண்ணுக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிட்டது. எங்கே போகிறேன் என்று தெரியாமல் “வழிவிடுங்க, வழிவிடுங்க” என்று கத்திக்கொண்டே ஓரத்தில் அடுக்கியிருந்த டயர் குவியலில் போய்ச் செருகிக்கொண்டேன். சிரிக்காதே, முழங்கை சிராய்த்துவிட்டது. விசில்காரர் ஓடிவந்து தூக்கினார், என் ஹெல்மெட்டைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார், ஹெல்மெட் மட்டும் திரும்பியது, என் முகம் அப்படியே இருந்தது, எனக்கு உள்ளே இருந்த பஞ்சுதான் தெரிந்தது. “அம்மா, நெத்தித் தோலும் சேர்ந்து திரும்பணும். இதைப் போட்டுக்கிட்டு வந்தா கேட்டுக்குள்ளயே விடமாட்டேன்” என்று சொல்லிவிட்டார். பந்தயத்துக்கு இரண்டே நாள். நான் சோர்ந்து போவேனா? வீட்டுக்கு வந்து கோட்டுக்குள் வைக்கும் லைனிங் துணியையும் தோள் பஞ்சையும் எடுத்து உள்ளே ஒரு மெத்தை தைத்தேன், கைத்தையல், மணிமணியான தையல், காதுக்கு நேரே சுருக்கு வைத்து முடிச்சுப் போட நாடாகூட வைத்தேன். அதை உங்கப்பா பார்த்தார் பார். அத்தனை நாள் பேசாதிருந்த மனுஷனுக்கு வாய் திறந்துகொண்டது. “தலை என்ன பாவாடையா, நாடா கோத்து இறுக்கறதுக்கு?” என்றார். விழும்போது துணி மெத்தை நசுங்கி, ஹெல்மெட் கழன்று முன்னால் போய்விடும் என்று திட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சரி, சைக்கிளைக் கொடுத்துவிடுகிறேன், உங்களுக்குத் திருப்திதானே என்றேன். உண்மையாகவே சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. இந்த வயதில் எனக்கென்று ஒன்றை நான் ஆசைப்பட்டது அதுதான்.

அவர் என் கையைப் பிடித்துக் கீழே சலூனுக்குக் கூட்டிப்போய், வாடிக்கையாளர் உட்காரும் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினார். பத்து விரலாலும் என் தலையைப் பிடித்து முன்னால், பின்னால், காதுக்கு மேலே என்று மெல்லத் தடவிப் பார்த்தார். எத்தனை தலை பார்த்த கை அது! “முன்னும் பின்னும் நீளம், பக்கம் ஒடுக்கம். உருண்டைத் தலைக்குச் செஞ்சதைப் போட்டா ஆடாம என்ன செய்யும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் கண்ணாடியில் என்னைப் பார்த்து, கொண்டை இருக்கிறவரைக்கும் எந்த ஹெல்மெட்டும் ஒழுங்காக உட்காராது, என்ன சொல்றே என்று கேட்டார். என் முடியைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, நுனி வெட்டவே அவரை நான் விட்டதில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வெட்டுங்க என்றேன். கழுத்தோடு வெட்டிவிட்டார். கண்ணைத் திறந்தால் கண்ணாடியில் உன் முகம் தெரிந்தது, நீ பள்ளிக்கூடம் போனபோது இருந்த முகம். நானும் அழுதேன், அவரும் மூக்கை உறிஞ்சினார், முடித்தூள் ஏறிவிட்டது என்று ஒரு பொய் வேறு.

அடுத்த நாள் சலூனைப் பூட்டிவிட்டுப் பெரிய கடைக்குப் போனோம். அங்கே வேலை பார்க்கிற பெண்ணை உங்கப்பா படுத்திய பாடு இருக்கிறதே, ஐயோ! ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே கையை விட்டு நீளமா உருண்டையா என்று பார்த்து, ஆகாது, ஆகாது என்று தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் ஒன்றை என் தலையில் அழுத்தினார். கன்னம் இரண்டும் பிதுங்கி, வாய் மீன் வாயாகக் குவிந்துவிட்டது. இறுக்குதுங்க என்றேன், அது “இழுக்குதுங்க” என்று வெளியே வந்தது. “இறுக்கட்டும், வலிக்குதா, அதைச் சொல்லு” என்றார். எந்த இடத்திலும் குத்தவில்லை, வலிக்கவில்லை, இறுக்கம் மட்டும்தான். கன்னத்துக்கும் பஞ்சுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார், போகவில்லை. தாடைக்குக் கீழே வாரை மாட்டி, பிடித்துத் திருப்பினார், என் நெற்றித் தோலும் கூடவே திரும்பியது. பின்பக்கம் கைகொடுத்து முன்னால் தள்ளிப் பார்த்தார், கழலவில்லை. அந்தப் பெண் ஏதோ புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்து முதலாளியைக் கூப்பிடப் போய்விட்டாள்! ஒரே குறை, அந்த அளவில் கிளிப்பச்சை மட்டும்தான் இருந்தது. நான் சிவப்புக்கு ஆசைப்பட்டேன். நிறம் பல்லைக் காப்பாத்தாது என்றார் உங்கப்பா, வாயை மூடிக்கொண்டேன், அந்த ஹெல்மெட்டுக்குள் திறக்கவும் முடியாதே.

பந்தயத்தன்று விசில்காரர் திருப்பிப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார், பலே என்றார். உங்கப்பா வேலியோரம் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றதைப் பார்க்க வேண்டும், அவர்தான் ஓட்டப்போகிறவர் மாதிரி. எங்களை மறித்து நின்ற கேட் முன்னால் விழுந்தது, நாங்கள் மூன்று பேரும் பாய்ந்தோம். சொன்னால் நம்ப மாட்டாய், முதல் மேட்டில் நான்தான் முன்னால். எனக்கே நம்பிக்கை இல்லாமல் திரும்பிப் பார்த்தேன், அதுதான் தப்பு. இரண்டாவது வளைவில் முன்சக்கரம் வழுக்கி, சைக்கிள் ஒரு பக்கம், நான் முகம் குப்புற. கண்ணு, பயப்படாதே, நான்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. தாடையை மூடிய அந்த வளைவுதான் தரையில் மோதியது, டணார் என்று ஒரு சத்தம், அதோடு சரி. ஹெல்மெட் ஓர் இழை நகரவில்லை. கிடந்தபடியே நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. அப்போது எனக்கு உன் நினைப்புதான் வந்தது. நீ விழுந்தபோது உச்சந்தலையை மட்டும் மூடும் ஹெல்மெட் போட்டிருந்தாய், இதே வளைவுதான், இதே மண்தான். எவ்வளவு வலித்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நீ போனில் அப்படிக் கத்தியிருக்காவிட்டால் நான் ஒரு தொப்பியைக் கட்டிக்கொண்டு போயிருப்பேன், அதனால் என் பல் நீ கொடுத்தது. கண்ணைத் திறந்தால் உங்கப்பா வேலியைத் தாண்டிக் குதித்து வந்து, கையை நீட்டி விரலை எண்ணச் சொன்னார், தலை சுற்றுகிறதா, கழுத்து வலிக்கிறதா என்று விசில்காரர் கேட்டார், ஒன்றுமில்லை என்றேன். ஓட்டத்தை முடிக்கட்டுமா என்றேன். உங்கப்பா என்னைப் பார்த்தார், அப்புறம் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, “போ” என்றார். அவ்வளவுதான், உருட்டிக்கொண்டே ஓடிக் கோட்டைத் தாண்டினேன். மூன்றாம் இடம்! மூன்று பேரில்தான், அதனால் என்ன, கோப்பை கோப்பைதானே.

ஒரு தரம் பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாதாம், வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும் உள்ளே விரிசல் விட்டிருக்குமாம். கிளிப்பச்சையை இப்போது ஜன்னலில் மல்லாத்திப் போட்டு உள்ளே ஊசிப்பெட்டி வைத்திருக்கிறேன். நேற்று அப்பா மறுபடி அந்தக் கடைக்குப் போனார், நானும் கூடப் போனேன். எனக்கு ஒன்று வாங்கினார், இந்தத் தடவை சிவப்பு. அப்புறம் அந்தப் பெண்ணிடம் இரண்டு கையையும் காற்றில் குவித்துக் காட்டி, இந்த அளவில் இன்னொன்று என்றார். போட்டுப் பார்க்காமல் எப்படிங்க என்று அவள் கேட்டாள். “என் பொண்ணு தலைம்மா. அது முதல் முடியிலேர்ந்து நான்தான் வெட்டினேன், எனக்குத் தெரியாதா” என்றார். நீ இங்கிருந்து போய் இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கைகளுக்கு நடுவில் இருந்த இடம் கொஞ்சமும் ஆடவில்லை, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அது ஊதா நிறம். உன் அறையில் சைக்கிள் கைப்பிடியில் மாட்டி வைத்திருக்கிறார். நீ ஓட்ட வேண்டும் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை, மனசு வராவிட்டால் வேண்டாம். வந்து தலையில் வைத்துப் பார்த்தால் போதும், அவர் அளவு சரியா என்று பார்த்துவிடலாம். அதற்குள் உன் கன்னத்தில் சதை போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லு என்கிறார் அப்பா. நீ அதைக் கேட்காதே, நன்றாகச் சாப்பிடு, இறுக்கினால் இறுக்கட்டும். நீ எங்கே போனாலும் விழாமல் இரு, விழுந்தாலும் சிரித்துக்கொண்டே எழுந்திரு, நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு. கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு, முதலில் அப்பாவிடம் பேசு. போன் அடிக்கும்போதெல்லாம் நீதானோ என்று கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் நிமிர்கிறார்.

இப்படிக்கு,
மூன்றாம் இடம் வாங்கிய, முப்பத்திரண்டு பல்லும் உள்ள,
உன் அம்மா